எழுத்தை வெட்டியவன்: பிரான்செஸ்கோ கிரிஃபோவும் சாய்வெழுத்தின் சொத்துரிமையும்

1502 நவம்பரில் வெனிஸ் குடியரசின் செனட் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற அச்சகக்காரர் பயன்படுத்திவரும் கிரேக்க எழுத்துகளையும், கையெழுத்துப் போல் சாய்ந்து ஓடும் அவருடைய புதிய லத்தீன் எழுத்துகளையும் வெனிஸின் ஆட்சிப் பரப்புக்குள் பத்தாண்டுகளுக்கு வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. போலி செய்யக் கூடாது. அடுத்த மாதமே போப் ஆறாம் அலெக்சாண்டரும் இதே பாதுகாப்பைத் தன் பங்குக்கு வழங்கினார். 1513இல் இரண்டாம் ஜூலியஸும் பத்தாம் லியோவும் அதைப் புதுப்பித்தார்கள். ஒரு நூலை இன்னார்தான் அச்சிடலாம் என்று சலுகை கொடுக்கிற வழக்கம் வெனிஸில் அதற்கு முன்பே இருந்தது. இங்கே பாதுகாக்கப்பட்டது நூல் இல்லை, எழுத்தின் வடிவம். அ, ஆ என்று எழுதுகிறோமே, அந்தக் கோட்டின் வளைவு, சாய்வு. அதற்கு ஒரு முதலாளி உண்டு என்று அரசும் திருச்சபையும் சேர்ந்து சொல்லிவிட்டன.

அந்த எழுத்துகளை எஃகில் வெட்டியவனின் பெயர் இந்தச் சலுகைகளில் கிடையாது. அவன் பெயர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. போலோன்யா நகரத்துத் தட்டானின் மகன். 1450ஐ ஒட்டிப் பிறந்தவன். ஆல்டஸ் அச்சகத்தின் கிரேக்க எழுத்துகள், ரோமன் எழுத்துகள், உலகில் முதன்முதலாக ஒரு முழுப் புத்தகத்தை அச்சிடப் பயன்பட்ட சாய்வெழுத்து எல்லாம் இவன் கைவேலை. ஐரோப்பியப் புத்தகத்தின் முகம் என்று இன்று நாம் எதை நினைக்கிறோமோ அதில் பெரும்பகுதி இவனிடமிருந்து வந்தது. ஆனாலும் அச்சு வரலாறுகள் 'ஆல்டஸின் எழுத்து' என்றுதான் ஐந்நூறு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கின்றன. இதை ஒரு முதலாளியின் திருட்டாகப் பார்த்துக் கோபப்பட்டுவிட்டுப் போவது சுலபம். விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வேலையைப் பார்ப்போம். தத்துவம் பேசுகிற நம்மில் பலருக்கு இந்த வேலை எப்படி நடக்கும் என்பது தெரியாது; ஈய எழுத்தைக் கையால் தொட்ட தலைமுறையும் ஓய்ந்துகொண்டிருக்கிறது.

விரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் கட்டை. காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் எஃகு கொஞ்சம் இளகிக் கொடுக்கும். அதன் முனையில், ஒரு பச்சரிசி அளவுகூட இல்லாத இடத்தில், எழுத்தைத் தலைகீழாக அல்ல, இடவலமாகப் புரட்டி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி வெட்ட வேண்டும். லத்தீன் 'ஈ' எழுத்தின் உள்ளே ஒரு சின்னக் கண் இருக்கிறதல்லவா, அந்த வெற்றிடத்தை உளியால் தோண்டுவது மகா கஷ்டம். எனவே அந்த வெற்றிடத்தின் வடிவத்திலேயே இன்னொரு குட்டி எஃகு அச்சை முதலில் செய்து, கெட்டிப்படுத்தி, அதைக் கட்டையின் முனையில் அடித்து இறக்குவார்கள். அதாவது எழுத்தை வெட்டுகிறவன் முதலில் எழுத்தை வெட்டுவதில்லை. எழுத்துக்கு நடுவே இருக்கும் வெளியைச் செய்கிறான். பிறகு வெளிப்பக்கத்தை அரத்தாலும் சீவுளியாலும் ராவிக்கொண்டே வர வேண்டும். அவ்வப்போது மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி பிடிக்கவைத்து, தாளில் ஒற்றிப் பார்ப்பான். தடித்திருந்தால் இன்னும் ராவலாம். அளவுக்கு மீறி ராவிவிட்டால் கட்டையைத் தூர எறிய வேண்டியதுதான். சரியாக வந்ததும் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இதுதான் பன்ச். இதைச் செப்புத் துண்டில் அடித்து இறக்கினால் பள்ளமாக ஓர் எழுத்து விழும். அதுதான் தாய் அச்சு. அடித்த அடியில் செம்பு பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும். அதை நான்கு பக்கமும் ராவி, எழுத்து ஒரே மட்டத்தில், ஒரே நேராக நிற்கும்படி சரிசெய்ய வேண்டும். ஒரு எழுத்து மயிரிழை மேலே ஏறினால்கூட வரி முழுக்கப் பல் வரிசை கோணினாற்போலத் தெரியும். அந்தச் செப்பைக் கைவார்ப்புப் பெட்டியில் பொருத்தி ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த குழம்பை ஊற்றினால் எழுத்து கிடைக்கும். ஊற்றுகிற ஆள் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஊற்றித் தள்ளுவான்.

இதில் கவனிக்க வேண்டிய புள்ளி ஒன்று இருக்கிறது. பன்ச் முடிந்து, தாய் அச்சும் சரியாகிவிட்டால், வெட்டியவன் இனித் தேவையில்லை. அவனுடைய திறமை முழுவதும் எஃகுக்குள் உறைந்துவிட்டது. மார்க்ஸ் செத்த உழைப்பு என்று சொல்வாரே, அதற்கு இதைவிடக் கச்சிதமான பொருளை நான் பார்த்ததில்லை. நெசவாளி நாளைக்கும் நெய்தால்தான் துணி. பன்ச் வெட்டுகிறவன் செத்தாலும், ஊரைவிட்டு ஓடினாலும், அவன் கை அச்சகத்தில் வேலை செய்துகொண்டே இருக்கும். அவன் விற்றது உழைப்பை இல்லை, கையையே. கிரிஃபோவுக்கு இது பின்னால்தான் புரிந்தது என்று தோன்றுகிறது.

பென்யமின் இயந்திர மறுஉற்பத்தி பற்றி 1936இல் எழுதியது நம்மிடையே போதிய அளவு அடிபட்டுவிட்டது. மறுஉற்பத்தியில் மூலம் என்பதன் ஒளிவட்டம் மங்கிப்போகிறது என்ற அவருடைய வாதத்தை அச்சுக்குப் பொருத்துகிறவர்கள் அச்சில் மூலமே கிடையாது, எல்லாமே பிரதிதான் என்று சொல்லிவிடுகிறார்கள். மூலம் உண்டு. அது எஃகில் இருக்கிறது. இடவலம் புரண்டு, கரி படிந்து, பட்டறைப் பெட்டிக்குள் கிடக்கிறது. வாசகன் அதைப் பார்ப்பதேயில்லை என்பதுதான் வித்தியாசம்.

இந்தத் தொழில்நுட்பம் நம் பக்கத்துக்கு வந்த கதையும் உலோக வேலைக்காரர்களின் கதைதான். தமிழுக்கு முதல் ஈய எழுத்துகளை 1577இல் கோவாவில் வெட்டிய ஜோவான் கொன்சால்வெஸ் ஒரு கொல்லர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தைப் பற்றிப் பேசும்போது அன்ரிக் அன்ரீக்கஸ் பாதிரியார் பெயரைச் சொல்கிறோம். கொல்லனின் பெயர் பாடப்புத்தகம் வரை வருவதில்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம். வெனிஸுக்குத் திரும்புவோம்.

ஆல்டஸ் பிறவி அச்சகக்காரர் இல்லை. கார்ப்பி இளவரசர்களுக்கு ஆசிரியராக இருந்த பண்டிதர். கிரேக்க இலக்கியத்தைக் கிரேக்க மொழியிலேயே அச்சேற்றிக் காப்பாற்ற வேண்டும் என்ற வெறியோடு 1490ஐ ஒட்டி வெனிஸுக்கு வந்தார். 1495இல் லாஸ்காரிஸின் கிரேக்க இலக்கணத்தோடு அச்சகம் தொடங்கியது. 1495க்கும் 1498க்கும் இடையில் அரிஸ்டாட்டில் ஐந்து தொகுதிகளாக வந்தது. இதற்கு எழுத்து செய்வது சாமான்ய வேலை அல்ல. அன்றைய கிரேக்க அறிஞர்கள் எழுதிய ஓட்டமான கையெழுத்தையே அச்சிலும் வேண்டும் என்று ஆல்டஸ் ஆசைப்பட்டார். எழுத்தோடு எழுத்து பின்னிக்கொள்ளும், மேலே மூச்சுக்குறி, அழுத்தக்குறி, கூட்டெழுத்துகள் வேறு. இருபத்துநாலு எழுத்துள்ள மொழிக்கு நூற்றுக்கணக்கில் அச்சு வெட்ட வேண்டியிருந்தது. அதை வெட்டிக் கொடுத்தவன் கிரிஃபோ. பண்டிதரின் கனவு ஒரு பக்கம். அதைச் சுடரில் காட்டிக் காட்டி ராவியவனின் கண் ஒரு பக்கம்.

1496 பிப்ரவரியில் பியெத்ரோ பெம்போ என்ற இளம் பிரபு, எட்னா எரிமலையில் தான் ஏறியதைத் தன் தந்தையோடு உரையாடும் விதமாக எழுதிய சிறு நூல் ஒன்று ஆல்டஸிடமிருந்து வந்தது. அறுபது பக்கம். உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை இலக்கிய வரலாற்றில் ஒரு மூலையில் இருக்க வேண்டிய புத்தகம். ஆனால் அச்சு வரலாற்றில் அதற்கு ஈடு கிடையாது; காரணம் அதற்காகக் கிரிஃபோ வெட்டிய ரோமன் எழுத்து. அதற்கு முன் வெனிஸில் 1470இல் நிக்கோலா ஜென்சன் வெட்டிய ரோமன் எழுத்துதான் உச்சம். ஜென்சனின் எழுத்து கம்பீரமானது, கொஞ்சம் கனமானது. கிரிஃபோ பெரிய எழுத்துகளின் உயரத்தைச் சிறிய எழுத்துகளின் மேல்கொம்பைவிடச் சற்றுக் குறைத்தான். இதனால் பக்கத்தில் பெரிய எழுத்துகள் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. ஒரே எழுத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களை வெட்டிப் பக்கத்தில் கலந்தான். கையால் எழுதினால் எந்த இரண்டு எழுத்தும் ஒன்றுபோல இருக்காதல்லவா. அரைப்புள்ளியை இன்றைய வடிவத்தில் நாம் அறிவதும் அந்தப் புத்தகத்திலிருந்துதான் என்பார்கள். 1499இல் 'ஹிப்னெரோடோமேக்கியா பொலிஃபிலி' இதே எழுத்தைத் திருத்திய வடிவத்தில் வந்தது. 1530களில் பாரிஸ்காரர்கள், கிளோத் கராமோன் உட்பட, இந்த எழுத்தைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு இருநூறு ஆண்டுகள் ஐரோப்பா முழுவதும் அந்தப் பிரெஞ்சு எழுத்துகளே ஓடின.

ஜென்சனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவரும் உலோகத்தில் எழுத்து வெட்டுகிறவர்தான்; பிரான்சின் நாணயச்சாலையிலிருந்து வந்தவராகச் சொல்லப்படுகிறவர். ஆனால் அவர் அச்சகத்துக்குச் சொந்தக்காரரானார். போப் அவருக்கு 1475இல் கோமகன் பட்டம் கொடுத்தார். 1480இல் அவர் எழுதிய உயிலில் பன்ச்சுகள் தனிச் சொத்தாகக் குறிப்பிடப்பட்டு ஒரு கூட்டாளிக்கு எழுதிவைக்கப்பட்டன. 'ஜென்சன் எழுத்து' என்று உலகம் சொல்கிறது; யாரும் குழம்பவில்லை. கிரிஃபோ கைத்திறனில் ஜென்சனுக்கு இளைத்தவன் இல்லை. பெயர் நிலைத்ததற்கும் நிலைக்காததற்கும் நடுவில் இருந்தது அச்சக உடைமை. மேதை என்ற சொல்லை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது.

அந்த உடைமையும் ஆல்டஸிடம் முழுதாக இல்லை என்பதுதான் வேடிக்கை. அச்சகத்தில் சரிபாதி வெனிஸின் ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த, ஒரு முன்னாள் டோஜின் மகனான பியர்பிரான்செஸ்கோ பார்பரிகோவுடையது. மீதிப் பாதியில் பெரும்பங்கு அந்திரேயா டொர்ரெசானி என்ற, ஜென்சனிடம் தொழில் கற்று அவருடைய தளவாடங்களையும் வாங்கிக்கொண்ட, கில்லாடியான அச்சக வியாபாரியுடையது. ஆல்டஸின் பங்கு மொத்தத்தில் பத்து சதவீதம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். 1505இல் அவர் டொர்ரெசானியின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு மாமனார் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். 1508இல் அங்கே தங்கிப் புத்தகம் அச்சடித்த எராஸ்மஸ், அந்த வீட்டுச் சாப்பாட்டின் கஞ்சத்தனத்தைப் பின்னால் 1531இல் ஒரு உரையாடலில் கிழிகிழியென்று கிழித்திருக்கிறார். ஆக, முத்திரை ஆல்டஸுடையது, மூலதனம் பார்பரிகோவுடையது, லாபக் கணக்கு டொர்ரெசானியுடையது, கை கிரிஃபோவுடையது. இந்த நாலில் புத்தகத்தின் முகப்பில் தெரிந்தது நங்கூரமும் டால்ஃபினும் பொறித்த முத்திரைதான்.

சாய்வெழுத்துக்கு வருவோம். 1500இல் சியன்னா நகரத்துப் புனித கத்தரீனாவின் கடிதத் தொகுப்பில், ஒரு மரச்செதுக்குப் படத்துக்குள், சில சொற்கள் மட்டும் இந்தப் புது எழுத்தில் எட்டிப்பார்த்தன. 1501 ஏப்ரலில் விர்ஜில் முழுதாக இதில் வந்தது: உரை இல்லை, குறிப்பு இல்லை, கையில் எடுத்துப்போகிற சின்ன அளவு. இடத்தை மிச்சப்படுத்தத்தான் எழுத்தைச் சாய்த்தார்கள் என்று பலர் எழுதுவதை அப்படியே ஏற்க முடியாது. அந்தக் காலத்துக் கற்றறிந்த பிரபுக்களும் அரண்மனை எழுத்தர்களும் வேகமாக எழுதிய சாய்ந்த கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. பெம்போவின் தந்தை வீட்டு நூலகத்தில் இருந்த சிறிய கையெழுத்துப் புத்தகங்களைப் பார்த்துத்தான் இந்த அளவைப் பிடித்தேன் என்று ஆல்டஸே 1514இல் ஒப்புக்கொள்கிறார். பிரபுவின் மேசையில் இருந்த அந்தரங்கமான கையெழுத்து, சந்தையில் விற்கிற பண்டமாக மாற வேண்டும். அதற்கு அந்தக் கையெழுத்தின் ஓட்டத்தை, துண்டு துண்டான ஈயக் கட்டைகளில், ஒட்டாமல் ஒட்டுகிற மாதிரி கொண்டுவந்தாக வேண்டும். கிரிஃபோ டஜன் கணக்கில் கூட்டெழுத்துகளை வெட்டினான். சிறிய எழுத்துகள் மட்டுமே சாய்ந்தன. பெரிய எழுத்துகள் குட்டையாக, நிமிர்ந்தே நின்றன. இன்று கணினியில் ஒரு பொத்தானைத் தட்டித் தமிழ் எழுத்தைக்கூடச் சாய்த்துவிடுகிறோம், அழுத்தம் கொடுப்பதற்காக. அன்று அது அழுத்தத்துக்கானது இல்லை. முழுப் புத்தகமும் அந்த எழுத்தில்தான்.

ஆல்டஸ் கிரிஃபோவின் பெயரை அடியோடு மறைத்தார் என்று சொல்ல முடியாது. அந்த 1501 விர்ஜிலின் தொடக்கத்தில் மூன்று வரி லத்தீன் செய்யுள் இருக்கிறது. எழுத்து வெட்டுகிறவனைப் புகழ்வது என்று தலைப்பு. போலோன்யாவின் பிரான்செஸ்கோவின் கைகள் புராணச் சிற்பி டீடலஸின் கைகளுக்கு நிகர் என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் எந்த அச்சக முதலாளி தன் கைவினைஞனைப் பெயர் சொல்லி முகப்பில் புகழ்ந்தான்? யாருமில்லை என்றே சொல்லலாம். ஆல்டஸ் இதில் பெருந்தன்மையானவர்தான். ஆனால் அடுத்த ஆண்டு செனட்டுக்குப் போன விவகாரத்தில் அந்தப் பெயர் இல்லை. கவிதையில் இடம் உண்டு, ஆவணத்தில் இடம் இல்லை. புகழ் அவனுக்கு, உரிமை அச்சகத்துக்கு. இந்தப் பிரிவினை நமக்குப் புதுசா என்ன? கலைஞனுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு ஒப்பந்தத் தாளைத் தன் பைக்குள் வைத்துக்கொள்கிறவர்களை எல்லா நூற்றாண்டுகளிலும் பார்க்கலாம்.

அந்தச் சலுகை யாரைத் தடுத்தது என்று கேட்டால் கதை இன்னும் தெளிவாகும். பிரான்சின் லியோன் நகரத்து அச்சகக்காரர்களைத் தடுக்கவில்லை. வெனிஸ் செனட்டின் கை அவ்வளவு நீளமில்லை. அவர்கள் ஆல்டஸ் புத்தகங்களை அதே மாதிரி சாய்வெழுத்தில், அதே அளவில், தேதியோ ஊரோ பெயரோ போடாமல் போலியாக அடித்து விற்றார்கள். நொந்துபோன ஆல்டஸ் 1503 மார்ச் 16 அன்று ஓர் எச்சரிக்கை அறிக்கையை அச்சடித்து வெளியிட்டார்: போலிகளின் தாள் மட்டம், நாற்றம் வேறு அடிக்கிறது, இன்னின்ன பக்கத்தில் இன்னின்ன பிழைகள் என்று பட்டியல். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே தங்கள் பதிப்பில் பிழை திருத்திக்கொண்டார்கள். இலவச மெய்ப்புத் திருத்தம். ஆனால் வெனிஸுக்குள் அந்தச் சாய்வெழுத்தை இன்னொருவருக்கு வெட்டி விற்றுப் பிழைக்கக்கூடிய ஆள் ஒருவன் இருந்தானே, அவனைச் சட்டம் நன்றாகவே தடுத்தது. தன் கையால் செய்ததைத் தானே திரும்பச் செய்ய முடியாது. கிரிஃபோ ஆல்டஸை விட்டு விலகினான்.

போன இடம் ஏட்ரியாட்டிக் கரையில் உள்ள ஃபானோ. அங்கே கெர்ஷோம் சொன்சினோ என்ற யூத அச்சகக்காரர் கடை விரித்திருந்தார். சொன்சினோ குடும்பம் ஹீப்ரு அச்சில் பெரிய பெயர். 1488இல் முதல் முழு ஹீப்ரு பைபிளை அச்சிட்டவர்கள். கெர்ஷோம் வாழ்நாள் முழுக்க ஊர் ஊராக அச்சகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்: பிரெஷியா, ஃபானோ, பெசரோ, ஓர்டோனா, ரிமினி, கடைசியில் இத்தாலியையே விட்டுச் சலோனிகா, கான்ஸ்டான்டிநோபிள். 1503 ஜூலையில் அவர் ஃபானோவில் கிரிஃபோவின் புதிய சாய்வெழுத்தில் பெட்ரார்க்கை அச்சிட்டார். அதன் சமர்ப்பணத்தில்தான், ஐரோப்பிய அச்சு வரலாற்றில் அபூர்வமாக, ஒருவர் கைவினைஞனுக்காக வாதாடுகிறார். இந்தச் சாய்ந்த எழுத்தை முதலில் கண்டுபிடித்து வரைந்தவன் இந்தப் பிரான்செஸ்கோதான். ஆல்டஸ் இதுவரை அச்சிட்ட எல்லா எழுத்தையும் வெட்டியவனும் இவனே. மற்றவர்கள் அடுத்தவர் சிறகைச் செருகிக்கொண்டவர்கள் என்பது அவர் சொல்வதன் சுருக்கம்.

சமர்ப்பணம் யாருக்கு? செசாரே போர்ஜாவுக்கு. ஃபானோ அப்போது அவன் ஆட்சியில் இருந்தது. ஆல்டஸுக்குச் சலுகை கொடுத்த போப் ஆறாம் அலெக்சாண்டரின் மகன் அவன். போப்பின் சலுகையை மீறுகிற புத்தகத்தைப் போப்பின் மகனுக்கே சமர்ப்பணம் பண்ணுகிற சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! சொன்சினோவைத் தியாகியாக்கவும் வேண்டாம். அவருக்கும் வியாபாரம் இருக்கிறது. ஆல்டஸின் கடைச்சரக்கு தன் கடையிலும் கிடைக்கும் என்று அறிவிக்க அவருக்கு அந்தப் பத்தி தேவைப்பட்டது. ஆனாலும், ஊரில் நிலையில்லாத, சலுகைகளின் உலகத்துக்கு வெளியே நின்ற ஒருவரின் வாயிலிருந்துதான் 'இவன்தான் செய்தான்' என்ற வாக்கியம் வந்தது என்பதைத் தாண்டிப்போக முடியாது. அடுத்த மாதமே, 1503 ஆகஸ்டில், போப் செத்தார். போர்ஜாவின் ஆட்சி சரிந்தது.

பிறகு பத்தாண்டுக்கு மேல் கிரிஃபோ அங்குமிங்கும் வேலை செய்கிறான். 1515 பிப்ரவரியில் ஆல்டஸ் இறந்தார். 1516இல் கிரிஃபோ சொந்த ஊரான போலோன்யாவில், அறுபதைத் தாண்டிய வயதில், முதல் தடவையாகத் தன் பெயரில் அச்சகம் வைத்தான். மூன்றாவதாக ஒரு சாய்வெழுத்தை வெட்டினான், முந்தியவற்றைவிடப் பொடியாக. உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிப் புத்தகங்கள்: பெட்ரார்க், சன்னசாரோ, பெம்போவின் காதல் உரையாடல்கள், சிசரோ என்று மொத்தம் ஆறு. பெட்ரார்க்கின் முன்னுரையில், தன் வாழ்நாளில் கிடைத்த ஒரே மேடையில், அவனே பேசுகிறான். ஆல்டஸுக்குக் கிரேக்க, லத்தீன் எழுத்துகளை வெட்டிக் கொடுத்தேன். அவற்றால் அவருக்குப் பெரும் செல்வமும் கிடைத்தது, அழியாத பெயரும் கிடைத்தது என்கிறான்.

இந்தப் புகாரின் முதல் பாதி சரியில்லை. பத்து சதவீதப் பங்குக்காரர் பெரும் செல்வம் சேர்க்கவில்லை. ஆல்டஸின் முன்னுரைகளைப் படித்தால் வேலைச்சுமையைப் பற்றிய புலம்பல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. செல்வம் போன இடம் டொர்ரெசானியும் பார்பரிகோவும். கிரிஃபோவின் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை. பட்டறையில் தன் பக்கத்தில் நின்று, இந்த வளைவு போதாது, இன்னும் கொஞ்சம் ராவு என்று சொன்ன பண்டிதர்தான் தெரிந்தார். மூலதனம் தன்னை அறிவின் பின்னால் மறைத்துக்கொள்ளும்போது தொழிலாளியின் கோபம் அறிவாளி மீது பாய்கிறது. இரண்டாம் பாதி, அந்த அழியாத பெயர் விஷயம், நூற்றுக்கு நூறு உண்மை.

ஆறே புத்தகம். அதற்கு மேல் வரவில்லை. போலோன்யா திரும்பிய பின் நடந்த ஒரு குடும்பச் சண்டையில் கிரிஃபோ தன் மருமகனை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றான். குற்ற வழக்குப் பதிவில் இது இருக்கிறது. அந்தக் கம்பி பன்ச் வெட்டுகிற எஃகாகத்தான் இருக்க வேண்டும் என்று ரசமாக எழுதுகிறவர்களும் உண்டு. விரல் நீளக் கட்டையால் ஆளைக் கொல்ல முடியாது. இலக்கியத்துக்காக எஃகை நீட்ட வேண்டாம். அதோடு கிரிஃபோ ஆவணங்களிலிருந்து மறைகிறான். தூக்கிலிடப்பட்டிருப்பான் என்பதே பொதுவான முடிவு. செத்துப்போன மருமகனுக்கும், அப்பனையும் புருஷனையும் ஒருசேர இழந்த அந்தப் பெண்ணுக்கும் வரலாற்றில் அடிக்குறிப்புதான். உழைப்பைச் சுரண்டியவர்களைப் பற்றி எழுதும்போது சுரண்டப்பட்டவனைப் புனிதனாக்கிவிடுகிற பழக்கம் நம் முற்போக்கு எழுத்தில் உண்டு. கிரிஃபோ அதற்கு ஒத்துழைக்க மாட்டான்.

ஃபூக்கோ 1969இல் நிகழ்த்திய, ஆசிரியன் என்றால் என்ன என்ற உரையில் ஒரு இடம் இங்கே பொருந்துகிறது. எழுத்துக்கு ஆசிரியன் என்று ஒருவனை உண்மையாகவே ஒட்டவைத்தது, அந்த எழுத்துக்காக ஒருவனைத் தண்டிக்க முடியும் என்ற நிலைதான். சொத்துரிமை பிறகுதான் வருகிறது என்பார் அவர். 1977இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், அதிகாரத்தோடு மோதிய ஒரு கணத்தில் மட்டும் வெளிச்சம் பட்டு, மற்றபடி தடமில்லாமல் போன பெயரற்ற மனிதர்களைப் பற்றிப் பேசுவார். கிரிஃபோ விஷயத்தில் அரசு அவனை இரண்டு தடவை சந்திக்கிறது. அவன் செய்த எழுத்துக்கு உரிமை வழங்கியபோது அவன் யாரென்று கேட்கவில்லை. கொலை செய்தபோது கேட்டது. ஆக்கத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை, குற்றத்துக்குத் தேவைப்பட்டது. நமக்குக் கோட்பாடாக வந்து சேர்ந்ததை போலோன்யா நகரத்துக் குமாஸ்தா ஒருவன் 16ஆம் நூற்றாண்டிலேயே பேரேட்டில் எழுதிவைத்துவிட்டான்.

முந்நூறு ஆண்டு கழித்து நடந்த கூத்து இன்னொன்று இருக்கிறது. ஆல்டஸின் செய்யுளிலும் சொன்சினோவின் சமர்ப்பணத்திலும் வருகிற இந்த 'போலோன்யாவின் பிரான்செஸ்கோ' யார் என்று 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் தேடினார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் தலைமை நூலகரான அந்தோனியோ பனிட்ஸி, இத்தாலியிலிருந்து அரசியல் அகதியாக ஓடிவந்த படிப்பாளி, 1858இல் இதற்காகவே ஒரு சிறுநூல் எழுதினார். அவருடைய முடிவு: இவர் வேறு யாருமல்ல, அதே ஊர்க்காரரும் தட்டாருமான புகழ்பெற்ற ஓவியர் பிரான்செஸ்கோ பிரான்சியாதான். அவ்வளவு அழகான எழுத்தை ஒரு பெரிய கலைஞனைத் தவிர வேறு யார் செய்திருக்க முடியும் என்கிற நம்பிக்கை அந்த வாதத்துக்கு உள்ளே இருக்கிறது. சில ஆண்டுகள் அது செல்லுபடியும் ஆனது. இத்தாலியக் காப்பகங்களைக் கிளறிய ஆய்வாளர்கள் 1880களிலும் 1890களிலும் பழைய பத்திரங்களை வெளிக்கொண்டுவந்த பிறகுதான் ஓவியர் விலகி, எழுத்து வெட்டுகிற கிரிஃபோ முழுப் பெயரோடு வந்து நின்றான். வந்தவன் கையில் கொலை வழக்கும் இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் இந்த எழுத்துகளைத் திரும்ப எடுத்தார்கள். 1929இல் இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனம், ஸ்டான்லி மோரிசனின் வழிகாட்டலில், அந்த எட்னா புத்தகத்தின் ரோமன் எழுத்தை இயந்திரக் கோர்ப்புக்கு ஏற்ப மீட்டெடுத்தது. ஆங்கிலப் புத்தகங்களில் ஆயிரக்கணக்கானவை அதில் அச்சாயின. கணினியிலும் இன்று கிடைக்கிறது. பெயர் வைக்க வேண்டிய நேரத்தில் எழுத்து வெட்டியவனை விட்டுவிட்டு, அந்த அறுபது பக்கத்தை எழுதிய பிரபுவின் பெயரை வைத்தார்கள்: பெம்போ. ஏறக்குறைய அதே சமயத்தில் இத்தாலியில் தனி அச்சகம் நடத்திய ஜொவான்னி மார்டெர்ஷ்டைக், இயந்திரத்தை நம்பாமல், பழைய முறையில் எஃகில் கையாலேயே அதே எழுத்தைத் திரும்ப வெட்டவைத்தார். அவர் மறக்காமல் அதற்குக் கிரிஃபோ என்றே பெயர் வைத்தார். பன்ச்சுகளை வெட்டியவர் பாரிஸைச் சேர்ந்த சார்ல் மலேன் என்கிற கைவினைஞர்.